அஞ்சலாட்சிக்கு வைத்த பேனர்

தான் செத்துப்போன சேதி அஞ்சலாட்சிக்கே, முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஆட்டோக்காரன் மீன் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான். வேப்பமரத்துக்கும் கரண்டு கம்பத்துக்கும் நடுவே கட்டியிருந்த புது பேனரைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். மறுபடியும் பேனரைப் பார்த்தான்.

"யக்கா, மேல இருக்கறது நீதான?"

அஞ்சலாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. இருந்தாலும் தன் முகம் தனக்குத் தெரியாதா என்ன? முட்டை வடிவச் சட்டத்துக்குள் அவள் முகம் இருந்தது, மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டியது. சட்டத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. மேலேயிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. மூலையில் ஒரு வெள்ளைப் புறா பறந்துபோய்க்கொண்டிருந்தது. பேனரின் அந்தப் பக்கத்தில் அவள் புருஷன் வடிவேல் அரைக்கால் சட்டையும் பனியனுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

முத்தியால்பேட்டையில் ஆம்பளைகளின் முகம் எதற்கு வேண்டுமானாலும் பேனரில் வரும். பிறந்தநாளுக்கு வரும், கட்சியில் வார்டு பதவி கிடைத்தால் வரும், மச்சானுக்கு மொட்டையடித்தால்கூட வரும். பொம்பளைகள் முகம் வருவது இரண்டே தடவைதான். மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, கண்ணீர் அஞ்சலிக்கு ஒன்று. அஞ்சலாட்சிக்கு நாற்பத்தைந்து வயது ஆகிறது, மஞ்சள் நீராட்டு என்று யாரும் நினைக்க வழியில்லை.

அவள் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். 'மார்பகப் புற்றுநோய் கண்ட திருமதி அஞ்சலாட்சி அவர்களுக்காகக் கணவர் வடிவேல் ஓடும் பன்னிரண்டு மணி நேர விழிப்புணர்வு ஓட்டம். கடற்கரைச் சாலை. ஞாயிறு காலை முதல் மாலை வரை. அனைவரும் வருக, நிதி தருக.' முதல் வார்த்தையைப் படித்ததுமே அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. அந்த வார்த்தையை அவள் தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே அது தேர்முட்டி அளவுக்குச் சிவப்பு எழுத்தில் நின்றது.

"அடியே!" என்று பின்னால் ஒரு சத்தம். பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்த ரோசா டீச்சர், கையிலிருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "சேசுவே! நீ உசுரோடதான் இருக்கியா? நான் இப்பதான் உனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கினே வந்தேன்."

"எனுக்கு இன்னா டீச்சர்? நான் நல்லாத்தான் இருக்கேன். எவனோ மாத்தி அடிச்சிட்டான்."

ரோசா டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேனரை முழுசாகப் படித்தாள். படித்து முடித்தபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதி போய்விட்டிருந்தது. அஞ்சலாட்சியின் நெஞ்சைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பார்த்தாள். கடைசியில் அன்னக்கூடையில் ஐஸ் மேல் கிடந்த சங்கராவைப் பார்த்தாள்.

"கர்ப்பப்பைன்னு சொன்னியே?"

அஞ்சலாட்சி கூடையிலிருந்து ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள்.

"வெள்ளிக்கெழமையாச்சே டீச்சர், சங்கரா இப்பதான் கரையேறுச்சு. கண்ணப் பாருங்க. கழுவிக் குடுக்கட்டா?"

"இல்ல, இன்னிக்கி வேணாம் அஞ்சலாட்சி. வூட்ல நேத்து கொழம்பே கெடக்குது" என்று சொல்லிவிட்டு ரோசா டீச்சர் நடந்தாள். பன்னிரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை மீன் தவறாத வீடு அது. போகிறபோக்கில் அவள் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததை அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வருஷமாக அவள் கட்டிக்காத்த ரகசியம் அது. இடது மாரில் கட்டி என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள், யாருக்கும் தெரியக்கூடாது என்று. குடியிருக்கிற வைத்திக்குப்பத்தில் கேட்டவர்களிடம் கர்ப்பப்பை எடுத்தார்கள் என்றாள். கர்ப்பப்பை எடுக்காத பொம்பளை எந்தத் தெருவில் இருக்கிறாள்? யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தபோது, மயிலம் முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லிப் பஸ் ஏறிப்போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, "பரவால்லயே, வேண்டுதல சீக்கிரம் நெறவேத்திட்டியே" என்று ஜனங்கள் சிரித்தார்கள். ரவிக்கைக்குள் பழைய வேட்டித் துணியைச் சுருட்டித் தைத்து வைத்துக்கொள்ளவும் பழகிக்கொண்டாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை மீன்தான். பிறந்ததிலிருந்து மீனோடு கிடந்தவள், மருந்து ஏறிய நாட்களில் மீன் வாசனை பட்டாலே குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள். அன்றாடம் குடித்தது வெறும் நொய்க்கஞ்சிதான். அதுவும் தங்காது. மருந்து நின்று வாசனை பொறுக்க ஆரம்பித்த மறுநாளே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு மீன் ஏலம் எடுக்கப் போய்விட்டாள். இடது கையில் பாரம் தூக்கக்கூடாது, அருவாமணையில் கை கீறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பாரம் தூக்க ஆட்டோக்காரன் இருந்தான். கீறாமல் மீன் அறுக்கத் தெரியாவிட்டால் அவள் எதற்கு மீன்காரி?

இத்தனைக்கும் காரணம் கௌரவம் மட்டுமில்லை. மீன் வியாபாரம் கையை நம்பித்தான் நடக்கிறது. வாங்குகிறவள் மீனைக் கூறு பார்த்து எடுப்பதோடு சரி. செதில் சீவுவது, குடலை உருவுவது, அலசித் துண்டு போடுவது எல்லாம் விற்கிறவள் கை. அந்தக் கையில் அருவருப்பு வந்துவிட்டால் வஞ்சிரமே ஆனாலும் நாய்தான் தின்னும். அது அஞ்சலாட்சிக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் ஓடப்போகிற மகராசனுக்குத்தான் தெரியவில்லை.

வெயில் ஏறியது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மேலே பார்த்தார்கள், அப்புறம் கீழே பார்த்தார்கள். பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவளுக்கு அடுத்த சாக்கில் உட்கார்ந்திருந்த ராஜாம்பாளுக்கு முதல் ஒரு மணி நேரம் நல்ல வியாபாரம். இரண்டு பேர் பங்கும் அவளுக்கே விழுந்தது. பிறகு ஒருத்தி ராஜாம்பாளிடம் குனிந்து, "அந்தம்மா கழுவற தண்ணியும் நீ கழுவற தண்ணியும் ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டுக் கானாங்கத்தையைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ராஜாம்பாள் பேச ஆரம்பித்தாள்.

"அஞ்சலா, தப்பா நெனைக்காத. கொஞ்சம் அப்பால தள்ளி ஒக்காரேன்."

"எவ்ளோ அப்பால?"

"தோ, அந்த ஒயின் ஷாப்பு பக்கம்."

"இந்த எடத்துல எங்கம்மா ஒக்காந்தா. அதுக்கப்புறம் நான் ஒக்காந்தேன். நீ கல்யாணம் ஆயி வந்து நின்னப்ப, என் சாக்க மடிச்சு ஒனுக்கு எடம் விட்டது யாரு?"

"நீதான். நான் இல்லன்னு சொல்லலியே. அதுக்காக எம்புள்ளைங்க பட்டினி கெடக்க முடியுமா? எனுக்கு ஒண்ணும் பயமில்ல. ஜனங்க பயப்படறாங்க."

"நீ நேத்துதான என் தட்டுல சோறு தின்ன?"

ராஜாம்பாள் அதைக் கேட்டதும் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அஞ்சலாட்சிக்கு அதைப் பார்க்கும்போது எரிந்துகொண்டு வந்தது. எழுந்து அருவாமணையை எடுத்துக்கொண்டு போய், வேப்பமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தாள். பேனர் ஒரு பக்கம் தொங்கி, குத்துவிளக்கும் புறாவும் மண்ணில் விழுந்தன. கம்பத்துப் பக்கம் எட்டவில்லை, அதனால் வடிவேல் மட்டும் மேலே தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தான். விற்காத மீனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வடிவேல் வீட்டு வாசலில் உட்கார்ந்து காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். முன்பு விசைப்படகில் தொழிலுக்குப் போனவன், சுனாமியில் படகு போனதிலிருந்து பீச்சில் ஒரு ஓட்டலில் இரவு வாட்ச்மேன். ஷிப்ட் முடிந்ததும் கடற்கரைச் சாலையில் ஓடுவான். வக்கீல், டாக்டர், வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஓடுகிற இடத்தில் தானும் ஒருத்தனாக ஓடுவதில் அவனுக்கு ஒரு மிதப்பு. அன்னக்கூடை நிறைய மீன் திரும்பி வந்ததைப் பார்த்து, "இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றான்.

"எழவு வூட்டுக்காரி கடையில மீனு வாங்குவாங்களா?"

"யாரு செத்தா?"

"நான்தான். மணிக்கூண்டாண்ட வெளக்கேத்தி வச்சிருக்கியே, பாக்கல?"

"அதுவா? நல்லா வந்துருக்கா?" அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அவன் தலையில் ஐஸ் தண்ணியைக் கொட்டலாமா என்றிருந்தது. "பலராமன் கடையில குடுத்தேன். வெளக்கு வேணான்னு சொல்லித்தான் பாத்தேன். பொம்பளைங்க படத்துக்கு எங்கிட்ட ரெண்டு டிசைன்தான் இருக்குது, ஒண்ணு இது, இன்னொண்ணு மயிலு வச்ச மஞ்சத்தண்ணி டிசைனுன்னான். மயிலு நல்லாவா இருக்கும்?"

"யோவ், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

"அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்க."

"ஓட்டம் நடத்தற முசே சொன்னாரு அஞ்சலா. சும்மா ஓடனா ஒரு பைசா வராதாம். யாருக்காக ஓடறோம்னு மொகம் தெரிஞ்சாத்தான் ஜனங்க குடுப்பாங்களாம். அந்த காசு நமக்கா? இல்லாதவங்களுக்கு மருந்து வாங்கறதுக்கு. புண்ணியம்தான?"

"புண்ணியம் ஒனுக்கு. மாரு என்னுது."

"கத்தாத, பக்கத்துல கேக்கும்."

"இனிமே கேக்கறதுக்கு இன்னா இருக்குது? ஊரே படிச்சிடுச்சு. இவ்ளோ நாளு துணிய சுருட்டி வச்சிக்கினு, மொட்டை போட்டுக்கினு, பெத்த பொண்ணோட மாமியாகிட்ட கூட பொய் சொல்லிக்கினு இருந்தேனே, அது எதுக்குய்யா? நாலு காசு என் கையால வரணும்னுதான? நீ வாங்கற வாட்ச்மேன் சம்பளத்துல ஒல கொதிக்குமா?"

வடிவேல் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குச் சட்டென்று பேச்சு வராது. வந்தால் ஒரேயடியாக வரும்.

"நான் எதுக்கு ஓட ஆரமிச்சேன்னு ஒனுக்குத் தெரியுமா? நீ குண்டான கட்டிப்புடிச்சிக்கினு வாந்தி எடுப்ப. என்னால பாக்க முடியாது. எழுந்து வெளிய போயிடுவேன். நடந்தா பத்தாது, ஓடணும். மூச்சு வாங்கற வரைக்கும் ஓடனாத்தான் நெஞ்சு அடங்கும். அப்டித்தான் ஓட்டம் வந்துச்சு. ஒனுக்காகத்தான்."

"அந்த குண்டான யாரு கழுவுனது?"

அவன் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"சொல்லுய்யா. வாந்தி எடுத்துட்டு, செவுத்த புடிச்சிக்கினு எழுந்து, நானே போயி கழுவி கவுத்தேன். நீ வேர்த்து விறுவிறுத்து வந்து, 'கஞ்சி குடிச்சியா'ன்னு கேப்ப. என்னை வுட்டுட்டு ஓடுனதுக்கு இப்ப விழிப்புணர்வுன்னு பேரு வச்சி, பேனர் போட்டு, மேடை போடறீங்களா?"

அப்போது தெரு முனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. வடிவேலின் அக்கா சின்னப்பாப்பா, வீராம்பட்டினத்திலிருந்து தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். கூட வந்த பெண் கையில் ஒரு ரோஜா மாலை. பஸ்ஸில் வந்த யாரோ பேனரைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க வூட்டு மகராசி, எந்தம்பிய தனியா வுட்டுட்டுப் போயிட்டியே..." என்று பாடிக்கொண்டு வந்தவள், வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற அஞ்சலாட்சியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"இன்னாடி இது, கூத்தா?"

"ஒங்க தம்பிய கேளுங்க."

வடிவேல் இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னான். கேட்கக் கேட்கச் சின்னப்பாப்பாவின் கண்ணில் இருந்த தண்ணீர் காய்ந்துபோயிற்று.

"மாரு எடுத்துட்டாங்களா? எப்போ?"

"போன வருசம்."

"போன வருசமா? நான் தீபாளிக்கி வந்து மூணு நாளு தங்குனேன். எந்தத் தட்டுல எனக்கு சோறு போட்ட? எந்த சொம்புல தண்ணி குடுத்த?"

"எல்லாரும் சாப்புடற தட்டுலதான்."

"பாத்தியாடா? பாத்தியா? என்னை ஒரு வார்த்தை எச்சரிக்கல. எந்தம்பி ஒத்த மாருக்காரியோட குடித்தனம் பண்றான், நான் அது தெரியாம 'எந்தம்பி பொண்டாட்டி மாதிரி உண்டா'ன்னு ஊரெல்லாம் பெருமை பேசிக்கினு திரியறேன்."

"அண்ணி, இது தொத்து வியாதி இல்ல. டாக்டரு சொன்னாங்க."

"டாக்டரு சொல்லுவான். அவனா கூட ஒக்காந்து தின்னப் போறான்?"

சின்னப்பாப்பா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக ஒரு மாதிரி இருந்ததோ என்னவோ, வாசல் மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது வடிவேல் பின்னாலேயே நாலு அடி போய், "அக்கா, ஞாயித்துக்கெழம ஓட்டத்துக்கு வந்துடு" என்றான். அதைக் கேட்ட பிறகு அஞ்சலாட்சிக்கு அவனோடு பேச ஒன்றும் இருக்கவில்லை. மிஞ்சிய மீனைக் கீறி உப்புப் போட்டுக் கருவாட்டுக்கு வைத்தாள். சங்கராவைக் கருவாடு போடுகிற கையாலாகாத்தனத்தை நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமையும் ஒரு கூறு போகவில்லை. மணிக்கூண்டில் அறுத்த பேனர் மறுபடி புதுக் கயிற்றில் ஏறியிருந்தது. சாயங்காலம் அலெக்சாண்டர் அவள் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் முசே என்று கூப்பிடுகிற மனுஷர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அறுபது வயதிலும் முதுகு வளையாதவர். கூட அவர் பெண்சாதி லினெட்டும் வந்திருந்தாள். இரண்டு பேர் கையிலும் ரோஸ் நிற டீ-ஷர்ட் அடுக்கு. வடிவேல் ஓடிப்போய் நாற்காலி போட்டான்.

"அஞ்சலாட்சியம்மா, ஒங்களுக்கும் ஒரு டீ-ஷர்ட் எடுத்தாந்தோம்" என்றார் முசே. "நாளைக்கு நீங்க மேடைல இருக்கணும்."

"முசே, அந்த பேனர கழட்டுங்க."

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாங்களே கழட்டிடுவோம்."

"இப்ப கழட்டுங்க. என் யாவாரம் போச்சு. ஜனங்க எங்கையால மீனு வாங்க மாட்றாங்க."

முசே முன்னால் குனிந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் கள்ளமில்லை என்பது அஞ்சலாட்சிக்கும் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

"அதுக்குத்தாம்மா இந்த ஓட்டமே. ஜனங்களுக்குத் தெரியல. எங்க மாமோ, எங்கம்மாவுக்கு, இதே வியாதிதான். நான் பிரான்ஸ்ல இருந்தேன். அவங்க யாருகிட்டயும் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட கூட சொல்லல. புண்ணாகி, நாத்தம் எடுத்து, வேலக்காரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. வெக்கத்தாலயே செத்தாங்கம்மா. வெளிய சொல்லியிருந்தா பொழச்சிருப்பாங்க. நீங்க பொழச்சிட்டீங்க. நீங்க மறைக்கலாமா?"

"நான் டாக்டருகிட்ட மறைக்கலியே முசே. கட்டி தட்டுப்பட்ட வாரமே போயி படுத்தேன். ஊருகிட்டதான் மறைச்சேன். ஒங்கம்மாவுக்கு நாத்தம் வந்தா கதவ சாத்திக்கலாம். அவங்க மீனு விக்கலியே."

லினெட் மதாம் இங்கிலீஷில் முசேவிடம் ஏதோ சொன்னாள். முசே தலையை ஆட்டினார். "ஜனங்க மனசு ஒரு நாள்ல மாறாது. ஆனா யாராச்சும் ஒருத்தரு மொதல்ல தைரியமா நிக்கணும்."

"அந்த ஒருத்தி நானா இருக்கணும்னு யாரு முடிவு பண்ணது?"

முசே வடிவேலைப் பார்த்தார். வடிவேல் டீ-ஷர்ட்டின் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தான்.

"இவரு சொன்னாரு, நீங்க சந்தோசமா ஒத்துக்கிட்டீங்கன்னு."

அஞ்சலாட்சி டீ போட்டாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை, எதிரியாக இருந்தாலும். முசே மடமடவென்று குடித்தார். லினெட் மதாம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள், ஆடை படியும் வரைக்கும் வைத்திருந்தாள், எழுந்து போகும்போது ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். அஞ்சலாட்சி அந்த டீயைச் சாக்கடையில் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன்காரிக்குத் திருவிழா. மற்ற நாள் முழுக்க விற்பதை அன்று காலையிலேயே விற்றுவிடலாம். அஞ்சலாட்சியும் வீம்புக்குப் பெரிய ஏலமாக எடுத்தாள். வஞ்சிரம், கிழங்கான், இறால். மணிக்கூண்டில் தன் இடத்தில் தன் பேனருக்கு நேர் கீழே உட்கார்ந்து தொண்டை கிழியக் கூவினாள். விலையைப் பாதியாக்கினாள். உழவர்கரைப் பக்கத்திலிருந்து வந்த, பேனரைப் பார்க்காத ஒரு ஆள் மட்டும் இறால் வாங்கினான். வாங்கிவிட்டு நிமிர்ந்தவன் மேலே பார்த்துவிட்டான். காசைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, பையைச் சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு போனான். குப்பைத்தொட்டி வரைக்கும்தான் அந்த இறால் போயிருக்கும்.

உச்சிவெயில் தாண்டியதும் ஐஸ் கரைந்து ஓட ஆரம்பித்தது. அஞ்சலாட்சி அன்னக்கூடையை ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள்.

"வூட்டுக்கா யக்கா?"

"பீச்சுக்கு வுடு."

கடற்கரைச் சாலையில் ஒரே ரோஸ் நிறம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காலேஜ் பெண்கள், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், காரில் வந்திறங்கிய சீமாட்டிகள் எல்லோரும் அதே டீ-ஷர்ட்டில் இருந்தார்கள். பந்தலில் குளுக்கோஸ் தண்ணியும் ஆரஞ்சுச் சுளையும் வைத்திருந்தார்கள். காந்தி சிலைப் பக்கம் மேடை. மேடைக்குப் பின்னால் இன்னொரு பேனர், அதிலும் அவளுக்கு இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தது. வடிவேல் தெற்குப் பக்கம் திரும்பிப் போயிருந்தான். காலையிலிருந்து ஓடுகிறானாம், காலில் ரத்தம் கட்டியிருக்கிறதாம், நிற்கமாட்டேன் என்கிறானாம். பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டிச் சொன்னார்கள். அவள் பக்கத்தில் நின்ற ஒரு பெண், "எப்பேர்ப்பட்ட புருஷன் பாரு, குடுத்து வச்சவ" என்றாள். சொல்லிவிட்டு மீன் நாற்றம் பொறுக்காமல் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

முசேதான் முதலில் அவளைப் பார்த்தார். "வந்துட்டீங்களா!" என்று மைக்கிலேயே கூவிவிட்டார். எல்லோரும் திரும்பினார்கள். லினெட் மதாம் இறங்கி வந்து அவளை மேடைக்குக் கூட்டிப்போனாள். யாரோ பொன்னாடையைப் போர்த்தினார்கள். பழைய புடவை மேல், செதில் ஒட்டிய கை மேல், சரிகை மினுக்கியது. யாரோ போட்டோ எடுத்தார்கள். முசே குரல் தழுதழுக்க என்னென்னவோ சொன்னார். அம்மாவைப் பற்றிச் சொன்னார், வெட்கத்தைப் பற்றிச் சொன்னார், இந்தத் தாயின் தைரியம் என்றார். அப்புறம் மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

அஞ்சலாட்சி பேனரைக் கிழிக்கத்தான் வந்தாள். கத்தி கூட இடுப்பில் இருந்தது. ஆனால் ஏலத்தில் அத்தனை ஆம்பளைகள் நடுவே குரல் கொடுத்துப் பழகியவளுக்கு மைக் ஒன்றும் பெரிய விஷயமில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் ரோசா டீச்சர் டீ-ஷர்ட்டோடு நின்றுகொண்டிருந்தாள். முத்தியால்பேட்டை முகங்கள் இன்னும் ஏழெட்டு தெரிந்தன. அவர்கள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"நான் அஞ்சலாட்சி. மணிக்கூண்டாண்ட மீனு விக்கறேன். எனுக்கு கேன்சரு வந்துச்சு. எடது மார எடுத்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன். கட்டி தட்டுப்பட்டா வெக்கப்படாம ஆஸ்பத்திரிக்கிப் போங்க. அதான் முசே சொல்லச் சொன்னது, சொல்லிட்டேன்."

கை தட்டினார்கள். அவள் அது அடங்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். இந்த பேனர் வச்சதுலேர்ந்து எங்கையால ஒருத்தரும் மீனு வாங்கல. இது ஒட்ற வியாதி இல்லன்னு ஒங்க சட்டையில எழுதியிருக்குது. படிச்சேன். நாளைக்கி காலைல நான் அங்கதான் ஒக்காந்திருப்பேன். இங்க இருக்கறவங்கள்ல யாரு வந்து எங்கிட்ட மீனு வாங்கி, நான் கழுவிக் குடுத்தத கொண்டுபோயி கொழம்பு வச்சி, ஒங்க புள்ளைங்களுக்குப் போடுவீங்க? சும்மா சொல்ல வேணாம். கைய தூக்குங்க, பாக்கறேன்."

கடல் கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. மைக் லேசாக இரைந்தது. ரோசா டீச்சர் குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணிக்கொண்டாள். லினெட் மதாம் முசேவைப் பார்த்தாள். அவர் கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"யாரும் இல்லியா?"

யாரோ ஒரு புண்ணியவான் பின்னாலிருந்து கை தட்ட ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பிழைத்தோம் என்று பிடித்துக்கொண்டார்கள். வரிசை வரிசையாகத் தட்டினார்கள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ரோசா டீச்சர் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும்விட ஓங்கித் தட்டினாள். அஞ்சலாட்சி மைக்கில் மறுபடி என்னவோ சொன்னாள், அது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வடிவேல் வந்தான். தெற்கேயிருந்து ஒரு காலை இழுத்து இழுத்து ஓடிவந்தவன், மேடைப் பக்கம் கிளம்பிய கைதட்டலைக் கேட்டான். உப்புப் பூத்த முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். அத்தனை கூட்டத்தில் தூக்கிய கை அவனுடையது மட்டும்தான்.

கைகளை இறக்காமலே அவன் மேடையைத் தாண்டி அடுத்த சுற்றுக்கு ஓடிப்போனான்.